மொடாக்குடியும் பிஞ்ச் வாட்சும்

விவசாயிக்குப் பிஞ்சுன்னா என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கத்திரிப் பிஞ்சு, வெண்டைப் பிஞ்சு, புடலம் பிஞ்சு, மாம்பிஞ்சு. பிஞ்சுல வெம்புனது, பிஞ்சுல பழுத்ததுன்னு மனுசங்களையும் அதே சொல்லால வைவோம். ஆனா இங்கிலீஷ்லயும் ஒரு பிஞ்ச் இருக்குன்னு இந்த வருசம்தான் எனக்குத் தெரிஞ்சது. பிஞ்ச் வாட்ச். ஒரு தொடரை ஆரம்பிச்சா சோறு தூக்கம் பாக்காம கடைசிப் பாகம் வரைக்கும் ஒரே மூச்சுல பாத்து முடிக்கிறதுக்கு அந்தப் பேராம். பட்டணத்துல இருக்குற உங்களுக்கு இது பழசா இருக்கும். ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கையும் தக்காளியும் போட்டுப் பொழைக்கிற எனக்கு இது புதுசு.

சொல்லித் தந்தது என் மக. காலேஜ் முடிச்சிட்டு பேங்க் பரிட்சைக்குப் படிக்கிறா. அந்தப் பரிட்சையில இங்கிலீஷ் மரபுத் தொடரெல்லாம் கேப்பாங்களாம். திண்டுக்கல்ல ஒரு கோச்சிங் கிளாசுக்குப் போயி, தலைப்பு தலைப்பாப் பிரிச்சு நோட்டுல எழுதி வெச்சிருக்கா. கோபத்துக்கு ஒரு தலைப்பு, பணத்துக்கு ஒண்ணு, மழை வெயிலுக்கு ஒண்ணு. ‘அளவுக்கு மீறிச் செய்தல்’னு ஒரு தலைப்பு. மத்ததெல்லாம் ஒரு பக்கம், ஒண்ணரைப் பக்கம். இது மட்டும் அஞ்சு பக்கம் போகுது. அவ ஒப்பிப்பா, நான் நோட்டைப் பாத்துச் சரி பாக்கணும். பத்தாவது வரைக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில படிச்சவன், எழுத்துக்கூட்டி வாசிச்சுருவேன். அவளுக்கு மனப்பாடம் ஆச்சோ இல்லையோ, எனக்கு அந்த அஞ்சு பக்கமும் ஆயிருச்சு.

அதுல ரெண்டு மூணு சொல்லு நமக்குச் சொந்தக்காரங்க மாதிரி. எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா ‘அவன் ரொம்ப ஓவராப் போறான்டா’ன்னு சொல்லும். ‘டூ மச்’சும் அப்படித்தான், டீக்கடை வரைக்கும் வந்தாச்சு. ‘அடிக்ட்’ங்கிறதும் வந்தாச்சு. பக்கத்துக் காட்டுப் பையன் ஒருத்தன், ‘எங்க அத்தை வெக்கிற ரசத்துக்கு நான் அடிக்ட்’டுங்கிறான்.

மத்ததை எல்லாம் கேக்கக் கேக்க வேடிக்கையா இருந்துச்சு. இனிப்பு கண்டா விடாதவங்களுக்கு ‘ஸ்வீட் டூத்’. இனிப்புப் பல்லு. எங்க வீட்டம்மாவுக்கு எட்டு வருசமாச் சக்கரை. அதுகிட்ட இதைச் சொன்னதும், ‘பேரே நல்லாருக்கே, அந்த டாக்டரம்மா சொல்ற பேரை விட’ன்னு சிரிச்சுது. அப்புறம் ‘ஹூக்ட்’. தூண்டில் முள்ளுல மாட்டுறது. ஒரு விளையாட்டை ரெண்டு நாள் ஆடிட்டு, ஒரு பாட்டை நாலு வாட்டி கேட்டுட்டு, ‘ஐ ஆம் ஹூக்ட்’னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்களாம். சின்ன வயசுல நானும் குளத்துல தூண்டில் போட்டவன்தான். முள்ளு மாட்டுன கெளுத்தி என்ன பாடு படும்னு பாத்திருக்கேன். ஒண்ணு கூடச் சிரிச்சு நான் பாக்கலை.

‘கவுச் பொட்டேட்டோ’ன்னு ஒண்ணு. சோபாவுல கிடந்து டிவி பாக்குறதே பொழப்பா இருக்குற ஆளுக்கு, சோபா உருளைக்கிழங்குன்னு பேரு. இதுக்கு ஒரு கதை இருக்கு. 2005ல இங்கிலாந்துல உருளை போடுற விவசாயிகள் இந்தச் சொல்லுக்கு எதிரா ஆர்ப்பாட்டமே பண்ணியிருக்காங்க. அங்க இருந்த உருளைக்கிழங்குக் கவுன்சில் ஏற்பாடு. லண்டன்ல பார்லிமெண்டு பக்கத்துலயும், ஆக்ஸ்போர்டுல அகராதி போடுறவங்க ஆபீசுக்கு வெளியிலயும் நின்னு, எங்க கிழங்கைச் சோம்பேறிக்கு உவமையாச் சொல்லாதீங்க, அகராதியை விட்டு எடுங்க, வேணும்னா ‘கவுச் ஸ்லவுச்’னு வெச்சுக்கங்கன்னு கேட்டிருக்காங்க. அகராதியில அந்தச் சொல் இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு. கொடைக்கானல் மேல்மலையில பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் உருளை போடுறவங்களைக் கேட்டா, கிழங்கு சும்மா கிடக்குறதில்லைன்னு சொல்லுவாங்க. நம்ம ஊருல விலை கட்டாம தக்காளியை ரோட்டோரம் கொட்டிட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வர்றோம். கிழங்கோட மரியாதையைப் பத்திக் கவலைப்பட அவங்களுக்கு நேரம் இருந்திருக்கு, நல்லா இருக்கட்டும்.

சரி, பிஞ்ச்சுக்கு வர்றேன். இந்தச் சொல் எங்கிருந்து வந்துச்சுன்னு பாப்பா போன்ல தேடி வாசிச்சுக் காட்டுனா. இங்கிலாந்துல லெஸ்டர்ஷயர்னு ஒரு ஜில்லா. அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பேச்சைப் பத்தி 1848ல வந்த ஒரு புத்தகத்துல இது இருக்காம். மரப் பாத்திரம் காஞ்சு போயி இடுக்கு வழியா ஒழுகுச்சுன்னா, அதைத் தண்ணியில ஊறப் போடுவாங்க. மரம் ஊறி உப்பி இடுக்கை அடைச்சுக்கும். அந்த ஊறப் போடுறதுக்குப் பேருதான் பிஞ்ச். அப்புறம் அதையே சாராயத்துல ஊறுற ஆளுக்கும் சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க. பின்னாடி சாப்பாட்டுக்கு வந்து, கடைசியாத் தொடர் பாக்குறதுக்கும் வந்துச்சு. 2015ல காலின்ஸ் அகராதி ‘பிஞ்ச் வாட்ச்’சை அந்த வருசத்துச் சொல்லாவே தேர்ந்தெடுத்திருக்கு.

இதைக் கேட்டதும் எனக்கு அந்த வெள்ளைக்காரக் குடியானவன் ரொம்பத் தெரிஞ்ச ஆளு மாதிரி ஆயிட்டான். நாங்களும் அதைத்தானே செய்யிறோம். மம்பட்டிப் பிடி ஆடுச்சுன்னா ராத்திரி மாட்டுத் தொட்டியில போட்டு வெப்போம், காலையில இறுகிக் கிடக்கும். இன்னொரு ஒற்றுமையும் தட்டுப்பட்டுச்சு. அவன் குடிகாரனைப் பாத்ததும் பாத்திரத்தை நெனைச்சிருக்கான். நம்மாளும் அப்படித்தான். மொடாக்குடியன்னு சொல்றோம்ல. மொடான்னா பெரிய பானை. இப்ப பிளாஸ்டிக் டிரம்மு வந்ததுக்கு அப்புறம் மொடாவை யாரும் கண்ணால பாக்குறதில்லை. குடியன் மட்டும் இருக்கான்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. மொடாக்குடியன்னு எங்க ஊருல யாரும் சிரிச்சுக்கிட்டுச் சொல்ல மாட்டாங்க. பொண்ணு கேட்டு வந்த எடத்துல மாப்பிள்ளையைப் பத்தி அந்த ஒரு வார்த்தை காதுல விழுந்தாப் போதும், தட்டைத் திருப்பிக் கொடுத்துருவாங்க. இங்கிலீஷ்ல அதே பானைச் சொல்லு சினிமா பாக்குறதுக்கு வந்ததும் செல்லப் பேராயிருச்சு. ‘இந்த ஞாயித்துக்கிழமை முழுக்க பிஞ்ச்’னு பெருமையாச் சொல்லிக்கிறாங்கன்னு பாப்பாவே சொன்னா.

நம்ம பேச்சும் லேசுப்பட்டதில்லை, ஒத்துக்குறேன். குடிக்கிறதை நேராச் சொல்ல நமக்கும் வாய் வராது. ‘சும்மா லேசாப் போடுவாப்ல’, ‘தண்ணி சாப்புடுவாப்ல’, ‘சனிக்கிழமையானா கொஞ்சம் ஊத்திக்குவாப்ல’. என்னோட பெரியண்ணனைப் பத்தி ஊரு இப்படித்தான் பத்து வருசம் பேசுச்சு. திருவிழாவுக்குப் போட ஆரம்பிச்சு, வெங்காயம் வித்த அன்னைக்குப் போட்டு, அப்புறம் விக்காத அன்னைக்கும் போட்டு, நாப்பத்தேழு வயசுல ஈரல் கெட்டுப் போயிப் போய்ச் சேந்தாரு. கடைசியா ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்தப்ப ஒரு சீட்டு தந்தாங்க. முழுக்க இங்கிலீஷ். பஸ் ஸ்டாண்டுல அவரு என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டு இருக்க, நான் எழுத்துக்கூட்டி வாசிச்சேன். மேல ரெண்டாவது வரியில இருந்துச்சு, ‘குரோனிக் ஆல்கஹாலிக்’னு. ஊரு பத்து வருசம் சுத்தி வளைச்சுச் சொன்னதை அந்தச் சீட்டு ரெண்டே சொல்லுல சொல்லிருச்சு.

அதனாலதான் நோட்டோட நாலாவது பக்கத்துல எனக்கு வாய் நின்னு போச்சு. ஷாப்பஹாலிக். கடை கடையாத் துணிமணி வாங்கிக் குவிக்கிறவங்க. சாக்கஹாலிக். சாக்லேட்டை விடாதவங்க. வொர்க்கஹாலிக். வேலை வேலைன்னு கிடக்குறவங்க. மூணுக்கும் வாலு ஒண்ணுதான். பஸ் ஸ்டாண்டுல நான் எழுத்துக்கூட்டுன அதே வாலு. ஆல்கஹாலிக்ல இருந்து வாலை வெட்டி எடுத்து இதுலயெல்லாம் ஒட்ட வெச்சதுப்பான்னு பாப்பா சொன்னா.

இதுல கடைசிச் சொல்லு எங்க வீட்டுக்கு ஏற்கெனவே வந்திருந்துச்சு. என் மகன் சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்குறான். அமெரிக்காக்காரங்களுக்கு வேலை, அதனால நம்ம ராத்திரி அவங்களுக்குப் பகல். இந்தப் பொங்கலுக்கு வந்தவன் ஒரு கண்ணாடி போட்ட சட்டம் கொண்டுட்டு வந்தான். அவங்க டீம்ல வருசக் கடைசியில விளையாட்டா ஆளுக்கொரு பட்டம் தருவாங்களாம். இவனுக்குத் தந்தது ‘வொர்க்கஹாலிக் ஆஃப் தி இயர்’. எங்க வீட்டம்மாவுக்குப் பெருமை தாங்கலை. பிள்ளை வாங்குன பட்டம்னு நடு வீட்டுச் சுவத்துல ஆணி தேடுச்சு. காலியா இருந்த ஆணி ஒண்ணே ஒண்ணு. அதுக்குப் பக்கத்து ஆணியிலதான் பெரியண்ணன் படம் மாலையோட தொங்குது.

‘அங்க வேணாம்’னு சொன்னேன். ‘ஏன், பிள்ளை சம்பாரிச்சதை நாலு பேரு பாக்கட்டுமே’ன்னுச்சு. ஏன்னு அப்ப எனக்கே சொல்லத் தெரியலை. சட்டத்தை வாங்கி பீரோவுல பத்திரம் வெக்கிற தட்டுல வெச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு அந்த நோட்டை வாசிக்கும்போதுதான் காரணம் கையில கிடைச்ச மாதிரி இருந்துச்சு.

பையன் பொங்கலுக்கு வந்த நாலு நாள்ல மூணு ராத்திரி மோட்டார் ரூமுக்குப் பக்கத்துல கயித்துக் கட்டில் போட்டு லேப்டாப்போட உக்காந்திருந்தான். அங்கதான் டவர் கிடைக்குது. மாட்டுப் பொங்கலன்னைக்கு மாட்டுக்குக் கொம்புக்குப் பூசுறப்பவும் காதுல அந்த வெள்ளைக் குழாயைச் சொருகித்தான் நின்னான். கூப்பிட்டா, ரெண்டு விரலைக் காட்டுவான், ரெண்டு நிமிசம்னு அர்த்தம். இருபத்தொம்பது வயசுல பிரசருக்கு மாத்திரை போடுறான். பையில பாத்துட்டு எங்க வீட்டம்மாதான் சொல்லுச்சு. அவனைக் கேட்டா, ‘இப்ப எல்லாருக்கும் இருக்குப்பா, அங்க யாரும் இதைப் பெருசா எடுத்துக்கிறதில்லை’ங்கிறான். எல்லாருக்கும் இருந்தா அது நோயில்லைன்னு ஆயிருமா என்ன. ஊருல எல்லாத் தோட்டத்துலயும் வாடல் வந்தா அதை வாடல்னுதானே சொல்லுவோம்.

வொர்க்கஹாலிக்கைப் பத்தி நானே பாப்பாவை விட்டுத் தேடச் சொன்னேன். அந்தச் சொல்லை உண்டாக்குனவரு வெய்ன் ஓட்ஸ்னு ஒரு அமெரிக்கர். கிறிஸ்தவ போதகர், மனசு நொந்தவங்களுக்கு ஆலோசனை சொல்றவரு. 1971ல அந்தச் சொல்லைத் தலைப்புல வெச்சே ஒரு புத்தகம் போட்டிருக்காரு. அவரு அதை அடுத்தவங்களைக் கேலி பண்ண உண்டாக்கலை, தன்னைப் பத்தியே சொன்னது. குடியை விட முடியாதவங்களோட பழகுனவருக்கு, வேலையை விட முடியாத தன் நிலைமையும் அதே மாதிரி இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. அவரோட அஞ்சு வயசு மகன் அப்பாவைப் பாக்கணும்னு அப்பாயிண்ட்மெண்ட் கேட்டானாம். அதுலதான் அவருக்கு உறைச்சுதாம். இதை வாசிச்சுட்டு பாப்பா என்னைப் பாத்தா. நான் ஒண்ணும் பேசலை. எங்க வீட்டுல அப்பாயிண்ட்மெண்ட் கேக்குறது அப்பன்தான், அது ஒண்ணுதான் வித்தியாசம்.

ஆக, அந்தச் சொல் பொறந்தப்ப வியாதிக்குப் பேரு. அம்பது வருசத்துல அது சட்டம் போட்டுத் தர்ற பட்டம்.

அஞ்சாவது பக்கத்துல ஒண்ணு, ‘பர்னிங் தி கேண்டில் அட் போத் எண்ட்ஸ்’. மெழுகுவத்தியை ரெண்டு பக்கமும் பத்த வெக்கிறது. ராத்திரி பகலா ஓயாம உழைச்சுத் தன்னையே தீத்துக்கிறவனுக்குச் சொல்றது. நமக்கும் ரெண்டு பக்கம் எரியிற ஒண்ணு இருக்கே, இருதலைக் கொள்ளி எறும்பு. அர்த்தம் வேற. இங்கிலீஷ்காரன் எரியிற மெழுகுவத்தியைப் பாத்தான். நம்மாளு குச்சிக்கு நடுவுல மாட்டுன எறும்பைப் பாத்தான். என் பையன் விசயத்துல ரெண்டும் சரியாத்தான் இருக்கு. தாம்பரத்துக்கு அந்தாண்ட ஒரு பிளாட்டுக்கு லோன் போட்டிருக்கான். இந்தப் பக்கம் மாசாமாசம் தவணை, அந்தப் பக்கம் ஆளைக் குறைக்கிறாங்கங்கிற பயம். நடுவுல இவன். சும்மா இருக்க முடியாம வேலை செய்யிறவன் ஒரு ரகம். நிறுத்துனா விழுந்துருவோம்னு செய்யிறவன் இன்னொரு ரகம். ரெண்டு பேருக்கும் அங்க ஒரே பட்டம்.

நம்ம பக்கத்துலயும் இப்படி ஒரு பாராட்டு இருக்கு. ‘மாடா உழைக்கிறான்’. இதைச் சொல்றவங்கள்ல பாதிப் பேரு மாடு வெச்சு உழுதவங்க இல்லை. எங்க அப்பா காலத்துல எங்ககிட்ட ஒரு ஜோடிக் காளை இருந்துச்சு. விடியிறதுக்கு முன்னாடி ஏர் பூட்டுவாரு. வெயில் ஏறுனதும் அவுத்துருவாரு. இன்னும் நாலு சால்தான் பாக்கி, முடிச்சுட்டு அவுக்கலாம்னு நான் சொன்னா, ‘நாலு சாலுக்காக மாட்டை நாலு நாள் படுக்க வெக்கச் சொல்றியா’ன்னு கேப்பாரு. அவுத்த மாட்டுக்கு உடனே தண்ணி காட்ட மாட்டாரு. கொஞ்ச நேரம் புளிய மர நெழல்ல நிக்க விட்டு, மூச்சு அடங்குனதும்தான் காட்டுவாரு. மாடா உழைச்சவன் எவனும் ராத்திரி ரெண்டு மணிக்குக் கால்ல இருந்ததில்லை. கால்னா இது போன் கால்.

பயிருல இதை நாங்க கண்ணாலயே பாக்குறோம். பக்கத்துக் காட்டுல ஒருத்தரு தக்காளிக்கு யூரியாவை அள்ளி அள்ளிப் போட்டாரு. செடி கருகருன்னு இடுப்பு உயரம் வந்துச்சு. ரோட்டுல போறவங்க நின்னு பாத்துட்டுப் போனாங்க. பூ உதிந்து போச்சு, இருந்த இலைக்கெல்லாம் பூச்சி வந்துச்சு. ‘செடி கொழுத்துப் போச்சு’ன்னு சொல்லுவோம் இதை. பாக்க அழகா இருக்கும், பொட்டி நெறையாது. நோட்டுல இதுக்கும் ஒண்ணு இருக்கு, ‘டூ மச் ஆஃப் எ குட் திங்’. யூரியா நல்லதுதான். வேலையும் நல்லதுதான்.

இவ்வளவும் பையன்கிட்டப் பேசணும்னு வெச்சிருந்தேன். போன்ல பேசுறது கஷ்டம், ‘சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா’ம்பான், பின்னால கீபோர்டு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை பேசிட்டேன். அந்தச் சொல்லோட வாலு எங்கிருந்து வந்துச்சுன்னு சொன்னேன். பெரியப்பாவோட ஆஸ்பத்திரிச் சீட்டைச் சொன்னேன். அது அவனுக்குத் தெரியாது, அப்ப அவன் ஆறாவது படிச்சான். கீபோர்டு சத்தம் நின்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, ‘அதையும் இதையும் ஒண்ணாச் சொல்லாதீங்கப்பா. பெரியப்பா வீட்டுக் காசைக் கொண்டு போயிக் குடிச்சாரு. நான் வீட்டுக்குக் காசு அனுப்புறேன்’னான். அது நெசம். போர் போட்ட கடன்ல பாதி அவன் அடைச்சது. அதுக்கு என்கிட்ட இன்னைக்கு வரைக்கும் பதில் இல்லை. ‘ஆமா சாமி, வித்தியாசம் இருக்கு. மாத்திரை ஒழுங்காப் போடுறியா’ன்னு மட்டும் கேட்டேன்.

அந்த அஞ்சு பக்கத்துலயும் நிறுத்துறதுக்கு ஒரு சொல்லு இல்லை. அடுத்த தலைப்புல கிடைச்சுது, ‘கால் இட் எ டே’. இன்னைக்கு இது போதும்னு எந்திரிக்கிறது. பாப்பா தமிழ்ல நாலு வரி விளக்கம் எழுதியிருந்தா. நான் அதை அடிச்சுட்டு, ‘ஏர் அவுக்குறது’ன்னு எழுதிக் கொடுத்தேன். இதை எழுதுனா மார்க்கு தர மாட்டாங்கப்பான்னு சிரிச்சா.

இப்ப ரெண்டு வாரமா ராத்திரி ஒன்பது மணிக்குப் பையனுக்கு வாட்ஸப்புல ஒரு வரி அனுப்புறேன். ‘ஏர் அவுத்தாச்சா?’ அவ்வளவுதான். முதல் நாலஞ்சு நாள் கட்டை விரல் படம் வந்துச்சு. அப்புறம் அதுவும் வரலை. போன வியாழக்கிழமை ராத்திரி பதினொண்ணே முக்காலுக்குப் பதில் வந்துச்சு. ‘இப்பத்தான்பா அவுத்தேன். நீங்க இன்னும் தூங்கலையா?’ன்னு. த்ரீ ஃபேஸ் கரண்டு பன்னெண்டு மணிக்கு வர்ற வாரம் அது. முருங்கைக்குத் தண்ணி கட்டணும்னு டார்ச்சோட கிணத்து மேட்டுல உக்காந்திருந்தேன்.